பலெர்மோ தன் பிள்ளைகளுக்குச் சொன்ன பொய்கள்

மாஃபியா நம்மையும் கொன்றுவிடுமா என்று சிறுவன் ஆர்த்தூரோ அப்பாவிடம் கேட்கிறான். பயப்படாதே, இப்போது குளிர்காலம்தானே, மாஃபியா கோடையில் மட்டும்தான் கொல்லும் என்கிறார் அப்பா. 2013இல் வெளிவந்த 'லா மாஃபியா உச்சீதே சோலோ தெஸ்தாத்தே' என்ற இத்தாலியப் படத்துக்குப் பெயர் தந்தது இந்தப் பதில்தான். பிள்ளையைத் தூங்கவைக்கச் சொன்ன பொய் என்று இதைக் கடந்துபோய்விடலாம். ஆனால் படத்தின் மொத்தப் பொருளும் இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் இருக்கிறது என்பதால், அதைக் கொஞ்சம் சரிபார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

அப்பா சொன்னதில் பாதி உண்மை உண்டு. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் காவல்துறைக் குற்றப்பிரிவின் தலைவர் போரிஸ் ஜுலியானோ 1979 ஜூலை 21 அன்று சுடப்பட்டார். தலைமை அரசு வழக்கறிஞர் கயித்தானோ கோஸ்தா 1980 ஆகஸ்ட் 6இலும், ஜெனரல் கார்லோ ஆல்பெர்த்தோ தல்லா கியேசா 1982 செப்டம்பர் 3இலும், நீதிபதி ரோக்கோ கின்னிச்சி 1983 ஜூலை 29இலும் கொல்லப்பட்டார்கள். 1985இல் காவல் அதிகாரி பெப்பே மொந்தானா ஜூலை 28 அன்றும், அவருடைய சகா நின்னி கஸ்ஸாரா ஒன்பதே நாட்கள் கழித்து ஆகஸ்ட் 6 அன்றும் மாண்டார்கள். ஆனால் துப்பறியும் பத்திரிகையாளர் மாரியோ ஃப்ரான்சேஸே கொல்லப்பட்டது 1979 ஜனவரி 26. சிசிலி மாநில அரசின் தலைவராக இருந்த பியெர்சாந்தி மத்தரெல்லா 1980 ஜனவரி 6 அன்று, திருக்காட்சித் திருநாளில், குடும்பத்தோடு பூசைக்குப் புறப்பட்டுக் காரில் ஏறியபோது சுடப்பட்டார். காருக்குள்ளிருந்து அவரை வெளியே எடுத்தவர்களில் ஒருவரான தம்பி செர்ஜோ மத்தரெல்லாதான் 2015 முதல் இத்தாலியின் குடியரசுத் தலைவர். கடுங்குளிரிலும் மாஃபியா கொன்றது. அந்த அப்பா அதை அறியாதவரல்லர்.

படத்தை இயக்கி, வளர்ந்த ஆர்த்தூரோவாக நடித்தவர் பியெர்ஃப்ரான்செஸ்கோ திலிபெர்த்தோ. இத்தாலியர்கள் அவரைப் பிஃப் என்றே அழைக்கிறார்கள். 1972இல் பலெர்மோவில் பிறந்தவர். தொலைக்காட்சியில் கேமராவைத் தானே தூக்கிக்கொண்டு மனிதர்களைப் பின்தொடரும் நிகழ்ச்சியால் பெயர் பெற்றவர். இது அவருடைய முதல் படம். தூரின் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதையும், அடுத்த ஆண்டில் சிறந்த நகைச்சுவைப் படத்துக்கான ஐரோப்பியத் திரைப்பட விருதையும் இது பெற்றது. மாஃபியாவுக்கு எதிரான பெருவழக்கில் நீதிபதிகளில் ஒருவராக அமர்ந்தவரும், படம் வந்த காலத்தில் இத்தாலிய மேலவையின் தலைவராக இருந்தவருமான பியெத்ரோ கிராஸ்ஸோ இதை மனமாரப் பாராட்டினார். இத்தனை பேர் செத்த ஒரு வரலாற்றை நகைச்சுவையாகச் சொல்லலாமா என்ற தயக்கம் எவருக்கும் எழும். எனக்கும் முதலில் அது இருந்தது. படத்தின் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று கவனித்தால் அந்தத் தயக்கம் விலகுகிறது: கொலைகளை விளக்க ஊரார் கையாண்ட சாக்குகளிலிருந்தும், அவற்றை எழுத்துக்கு எழுத்து நம்பிவிட்ட ஒரு குழந்தையிடமிருந்தும்தான் அது பிறக்கிறது. செத்தவர்களைப் பார்த்து இந்தப் படம் ஓரிடத்திலும் சிரிக்கவில்லை.

ஆர்த்தூரோ கருவில் உருவாகும் இரவு 1969 டிசம்பர் 10. அன்று பலெர்மோவின் லாட்ஸியோ சாலையிலிருந்த ஒரு கட்டுமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் போலீஸ் உடையணிந்த கொலையாளிகள் நுழைந்து, மாஃபியா தலைவன் மிக்கேலே கவத்தாயோவைத் தீர்த்துக்கட்டினார்கள். கொலை நடந்த இடம் தற்செயலானதல்ல. 1950களின் இறுதியிலிருந்து பலெர்மோவில் பணம் விளைந்த நிலம் கட்டுமானத் தொழில்தான். சால்வோ லீமா மேயராகவும் வீத்தோ சியான்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பிலும் இருந்த ஆண்டுகளில், கட்டட அனுமதிகளில் மிகப் பெரும்பகுதி அத்தொழிலில் அனுபவமே இல்லாத ஒரு சில பினாமிகளின் பெயருக்குப் போனது. தோட்டங்களும் பழைய மாளிகைகளும் அழிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. கட்டடக் கலைஞர் எர்னெஸ்தோ பஸீலே வடிவமைத்த தெலியெல்லா மாளிகையை 1959 நவம்பரில் ஒரே இரவில் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த இடம் பிறகு பல்லாண்டுக் காலம் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. ஆர்த்தூரோ பிறந்த 1970இல் அதே சியான்சிமினோ மேயரானார். பின்னாளில் மாஃபியாவோடு கூட்டுச் சேர்ந்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர்.

இப்படிப்பட்ட ஊரில் வளரும் பையனுக்குக் கொலைகளைப் பற்றிப் பெரியவர்கள் தரும் விளக்கம் ஒன்றே ஒன்று: எல்லாம் பெண் விவகாரம். தெருவில் ஒருவன் சுட்டுக்கொல்லப்பட்டால், யாருடைய மனைவியோடோ தொடர்பு வைத்திருந்திருப்பான் என்று முடித்துவிடுவார்கள். சிசிலியில் இது பழைய உத்தி. செத்தவரின் பெயரில் சேறு பூசிவிட்டால் கொலைக்கான காரணத்தைத் தேட வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமற்போகும். அவர்களுக்குள் அடித்துக்கொண்டு சாகிறார்கள், நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். கூடப் படிக்கும் ஃப்ளோராவின் மேல் ஆசை வைத்திருக்கும் ஆர்த்தூரோ இதிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறான். பெண் விவகாரத்தால் மனிதர்கள் சாகிறார்கள் என்றால், காதலிப்பது உயிருக்கு ஆபத்தான வேலை. பையனின் தர்க்கத்தில் எந்தப் பிழையும் இல்லை. பிழை அவனுக்குக் கொடுக்கப்பட்ட தகவலில் இருக்கிறது. படத்தின் முதற்பாதியில் நம்மைச் சிரிக்கவைக்கும் காட்சிகளில் பலவும் இந்த அச்சில் வார்க்கப்பட்டவைதான்.

போரிஸ் ஜுலியானோ வரும் காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். காப்பிக்கடையில் பையன் நிற்கிறான். அருகில் மீசை வைத்த, சிரித்த முகம் கொண்ட ஒருவர், பலெர்மோவுக்கே உரிய ஐரிஸ் என்ற பலகாரத்தை அவனுக்கு வாங்கித் தருகிறார். மென்மையான ரொட்டிக்குள் இனிப்புச் சேர்த்த ரிக்கோத்தா பாலாடைக்கட்டியை அடைத்து, மேலே ரொட்டித்தூள் பூசி, எண்ணெயில் பொரித்தெடுப்பது அது. பையனுக்கு அவர் நல்ல ருசி தெரிந்த ஒரு மாமா, அவ்வளவுதான். உண்மையில் அந்த ஆண்டில் ஜுலியானோ மிகப் பெரிய இழையொன்றைப் பிடித்திருந்தார். பலெர்மோ விமான நிலையத்தில் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் நோட்டுகள் அடங்கிய பெட்டிகள் பிடிபட்டிருந்தன. சிசிலியிலிருந்து ஹெராயின் அமெரிக்காவுக்குப் போவதும் அதற்கான பணம் திரும்பி வருவதும் அந்தப் பெட்டிகளால் வெளிப்பட்டன. ஜூலை 21 காலையில், வீட்டருகே இருந்த லக்ஸ் என்ற கடையில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிய அவரை மாஃபியா கொலையாளி லியோலூக்கா பகரெல்லா பின்னாலிருந்து சுட்டான். தனக்குப் பலகாரம் வாங்கித் தந்த மனிதர்தான் இறந்துபோனவர் என்று பையன் அறியும்போது, செய்தித்தாளில் வெறும் பதவிப் பெயராக இருந்த ஒருவர் பார்வையாளருக்கும் மனிதராகிவிடுகிறார். தியாகி என்ற பட்டத்தோடு படம் அவரைக் கொண்டுவரவில்லை. ஐரிஸ் வாங்கித் தந்தவராகவே கொண்டுவருகிறது. முழு உரையொன்று செய்ய முடியாததை இந்தச் சிறிய தேர்வு செய்துவிடுகிறது.

படத்தின் மிகத் துணிச்சலான பகுதி ஜூலியோ ஆந்த்ரேயோத்தியைப் பற்றியது. ஏழு முறை இத்தாலியின் பிரதமராக இருந்தவர். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் அசைக்க முடியாத தூண். அவருடைய அணிக்குச் சிசிலியில் வாக்குகளைத் திரட்டித் தந்தவர் சால்வோ லீமா. ஆந்த்ரேயோத்தி தொலைக்காட்சியில் தன் திருமணம் கைகூடிய கதையைச் சொல்லக் கேட்ட ஆர்த்தூரோ, பெண்ணிடம் மனதைத் திறப்பது எப்படி என்று கற்றுத்தரும் ஆசானாக அவரை வரித்துக்கொள்கிறான். அறையில் அவர் படத்தை மாட்டுகிறான். மாறுவேடப் போட்டியில் மற்றப் பிள்ளைகள் வீரர்களாகவும் இளவரசிகளாகவும் வரும்போது, இவன் கூன் முதுகும் கண்ணாடியுமாய் ஆந்த்ரேயோத்தி வேடத்தில் வந்து நிற்கிறான். காட்சி வேடிக்கையானது என்றாலும், இத்தாலியப் பார்வையாளருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும். பல பத்தாண்டுகளாக அவருக்கு வாக்களித்த கோடிக்கணக்கான பெரியவர்களின் நம்பிக்கையைத்தான் அந்தப் பிள்ளை உடலில் அணிந்திருக்கிறான்.

இந்தப் பக்தி முதலில் ஆட்டம் காண்பது ஜெனரல் தல்லா கியேசாவின் முன்னால். சிவப்புப் படை என்ற தீவிரவாத அமைப்பை ஒடுக்கியவர் என்ற புகழோடு, 1982இல் மத்திய அரசு அவரைப் பலெர்மோவுக்கு ஆட்சியராக அனுப்பியது. கம்யூனிஸ்ட் தலைவர் பியோ லா தோர்ரே கொல்லப்பட்ட ஏப்ரல் 30ஆம் நாளிலேயே அவர் நகருக்கு வந்துசேர்ந்தார். மாஃபியாவை எதிர்க்க அவர் கேட்ட சிறப்பு அதிகாரங்கள் கடைசிவரை வரவில்லை. ஆகஸ்ட் 10 அன்று வெளியான பேட்டி ஒன்றில், ஆபத்தானவராக மாறிவிட்டவர் தனிமைப்பட்டும் போகும்போதுதான் கொல்லப்படுகிறார் என்ற பொருளில் அவர் பேசியிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசினார் என்பதைப் பேட்டி வெளிவந்த 24ஆம் நாள் உறுதிசெய்தது. படத்தில், பத்திரிகை நடத்திய போட்டியில் வென்று சிறுவர் நிருபராகும் ஆர்த்தூரோ ஜெனரலைச் சந்திக்கிறான். குற்றங்களின் அவசர நிலை கம்பானியாவிலும் கலாப்ரியாவிலும்தான் இருக்கிறது என்று ஆந்த்ரேயோத்தி சொல்கிறாரே, அப்படியானால் நீங்கள் தவறான ஊருக்கு வந்துவிட்டீர்களா என்ற கேள்வியை வெகுளியாக எழுப்புகிறான். பெரிய பத்திரிகையாளர் எவரும் இவ்வளவு நேராகக் கேட்டிருக்க மாட்டார். சிசிலியிலுள்ள அவருடைய அணியினருக்குச் சலுகை எதுவும் காட்டப்போவதில்லை என்று ஆந்த்ரேயோத்தியிடமே தெரிவித்ததாக ஜெனரல் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

செப்டம்பர் 3 இரவு கரீனி தெருவில் ஜெனரலும் அவர் மனைவி எம்மானுவேலாவும் காருக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பின்னால் வந்த காவலரும் பிறகு இறந்தார். மறுநாள் அந்த இடத்தில் யாரோ கையால் எழுதி ஒட்டிய தாளில், பலெர்மோவின் நேர்மையான மக்களுடைய நம்பிக்கை இங்கே செத்தது என்றிருந்தது. இறுதித் திருப்பலியில் கர்தினால் பப்பலார்தோ, ரோமில் ஆலோசனை நடந்துகொண்டிருக்கையில் சகுந்த்தும் நகரம் வீழ்ந்தது என்ற பழைய லத்தீன் வரியை மேற்கோள் காட்டி, தலைநகரத்து அரசியல்வாதிகளின் முகத்தெதிரே குற்றம் சாட்டினார். ஆந்த்ரேயோத்தி அங்கே இல்லை. சாவுகளைவிட ஞானஸ்நானங்களுக்குப் போவதையே விரும்புகிறேன் என்று அவர் காரணம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. கூட்டத்தில் தன் ஆசானைத் தேடிக் காணாமல் ஏமாறும் சிறுவனைக் காட்டி, அரசியல் குற்றப்பத்திரிகை ஒன்றை ஒரு பிள்ளையின் மனத்தாங்கலாகப் படம் மாற்றிவிடுகிறது. நீதிமன்றம் சொன்னது என்ன என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1980 வசந்த காலம் வரை ஆந்த்ரேயோத்திக்குக் கோசா நோஸ்த்ரா எனப்படும் சிசிலி மாஃபியாவோடு குற்றத் தொடர்பு இருந்தது என்றும், காலவரம்பு கடந்துவிட்டதால் தண்டிக்க இயலாது என்றும், அதற்குப் பிந்தைய காலத்துக்கான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றும் பலெர்மோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2004இல் அதை உறுதிசெய்தது. தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் குற்றமற்றவர் என்று கொண்டாடியவர்கள் இத்தாலியில் ஏராளம்.

கின்னிச்சியைப் படம் ஃப்ளோராவின் பக்கத்து வீட்டுக்காரராகக் காட்டுகிறது. மாஃபியா வழக்குகளைத் தனியொரு நீதிபதி சுமந்தால் அவரைக் கொன்று வழக்கையும் கொன்றுவிடலாம், ஆகவே பலர் சேர்ந்து விசாரித்துத் தகவலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற வழிமுறைக்கு வித்திட்டவர் அவர். ஜொவான்னி ஃபால்கோனேயும் பவுலோ போர்செல்லினோவும் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள். 1983 ஜூலை 29 காலையில் அவர் வீட்டுவாசலில் நிறுத்தியிருந்த கார் வெடித்ததில், அவரோடு பாதுகாவலர் இருவரும் கட்டடக் காவலாளியும் மாண்டார்கள். காவலாளியும் பலியானதால், ஒரே குடியிருப்பில் நீதிபதி இருப்பதே ஆபத்து என்ற பேச்சு அண்டை அயலில் வலுத்தது. 1985இல் சிசிலி நாளிதழ் ஒன்றில் வெளியான வாசகர் கடிதம், நீதிபதிகளின் வாகனச் சைரன்கள் ஓய்வைக் கெடுப்பதாகவும் அவர்களை நகருக்கு வெளியே தனி வீடுகளில் குடியமர்த்தலாம் என்றும் கேட்டது. கொலைகாரர்களை ஊருக்கு வெளியே அனுப்பச் சொல்லி அதே வேகத்தோடு எழுதியவர்கள் மிகக் குறைவு. இந்த மனநிலையைத்தான் படம் குறிவைக்கிறது.

மாஃபியாக்காரர்களை இந்தப் படம் வரைந்திருக்கும் விதமும் குறிப்பிடத்தக்கது. நூற்றுக்கணக்கானோரின் சாவுக்குக் காரணமான மாஃபியா தலைவன் தோத்தோ ரீனா, குளிர்சாதனத்தின் ரிமோட்டை எப்படி இயக்குவது என்று விளங்காமல் திணறுகிறான். கறுப்புக் கோட்டும் கனத்த குரலும் கௌரவப் பேச்சுமாக மாஃபியாத் தலைவர்களை மகுடம் சூட்டிக் காட்டும் சினிமா மரபு ஒன்று உலகெங்கும் உண்டு. சிசிலியின் இளைஞர் பலர் அந்த மரபிலிருந்தே நடையையும் பேச்சையும் கற்றுக்கொண்டார்கள். அந்த மகுடத்தைக் கழற்றுவதற்குச் சிரிப்பைவிடக் கூர்மையான கருவி கிடைத்திருக்காது. அதே நேரம் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ரிமோட்டோடு போராடும் பட்டிக்காட்டானைப் பார்த்துச் சிரித்த பிறகு, 1981 முதல் 1983 வரை தன் எதிரணியினரை வேரோடு அழித்துக் கோசா நோஸ்த்ராவையே கைப்பற்றிய அவனுடைய கணக்குப் புத்தியை நாம் மறந்துவிடக்கூடும். அந்த உட்போரின் அளவு படத்தில் சரியாகப் பதிவாகவில்லை என்பதே என் எண்ணம்.

ஆர்த்தூரோ இளைஞனானதும் படத்தின் பிடி தளர்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பிய ஃப்ளோரா இப்போது சால்வோ லீமாவின் அரசியல் பணியில் இருக்கிறாள். இவனும் அவளுக்காக அந்தப் பிரச்சாரத்தில் ஒட்டிக்கொள்கிறான். குழந்தைக்கு மன்னிக்கப்பட்ட வெகுளித்தனம் இருபது வயதைத் தாண்டியவனிடம் அவ்வளவு எளிதில் எடுபடவில்லை. ஃப்ளோராவுக்கென்று தனி மனவுலகம் எதையும் திரைக்கதை தரவில்லை என்பதும் பெருங்குறை. 475 பேர்மீது 1986 பிப்ரவரியில் தொடங்கி 1987 டிசம்பரில் 19 ஆயுள் தண்டனைகளோடு முடிந்த பெருவழக்கும், அப்ரூவராக மாறிய தொம்மாசோ புஷேத்தாவின் வாக்குமூலமும் விரைவாகக் கடந்துபோகின்றன. 1992 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைகளை உறுதிசெய்ததும்தான், வழக்கை முறியடித்துத் தருவார் என்று மாஃபியா நம்பியிருந்த லீமாவுக்கு மார்ச் 12 அன்று கணக்குத் தீர்க்கப்பட்டது. இந்தக் காரணத் தொடர் அறியாத பார்வையாளருக்கு, லீமாவின் கொலை படத்தில் திடீரென்று நடப்பதுபோலவே தோன்றும்.

மே 23இல் கபாச்சி நெடுஞ்சாலையில் ஃபால்கோனேயும், அவர் மனைவி ஃப்ரான்செஸ்கா மொர்வில்லோவும், மூன்று காவலர்களும் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். ஜூலை 19இல் தன் தாயைப் பார்க்கப்போன போர்செல்லினோ ஐந்து காவலர்களோடு கொல்லப்பட்டார். அவர்களில் எம்மானுவேலா லோயி 24 வயதுப் பெண். இந்த இடத்தில் படம் நகைச்சுவையை முற்றாகக் கீழே வைத்துவிடுகிறது. படம் முழுவதும் பழைய செய்திப்படத் துணுக்குகளுக்குள் தன் பாத்திரங்களை ஒட்டவைத்து வேடிக்கை காட்டிய அதே உத்தி, இப்போது வேறு வேலை செய்கிறது. காவலர்களின் இறுதிச் சடங்கு நாளில் பேராலயத்தின் முன் போலீஸ் அரணை உடைத்துக்கொண்டு அரசியல் தலைவர்களை நோக்கிக் கத்திய உண்மையான கூட்டத்தின் காட்சிகளுக்குள் ஆர்த்தூரோவும் ஃப்ளோராவும் வந்து நிற்கிறார்கள். நாற்பதாண்டு மௌனம் உடைந்த அந்த நாளின் கோபத்தை நடிகர்களைக் கொண்டு மறுபடி உருவாக்க முடியாது என்பதை இயக்குநர் அறிந்திருக்கிறார். பிறகு தகப்பனாகும் ஆர்த்தூரோ, தன் கைக்குழந்தையை நகரெங்கும் கொண்டுபோய், ஒவ்வொரு நினைவுப் பலகையின் முன்னும் நின்று இவர் யார், ஏன் கொன்றார்கள் என்று சொல்கிறான். தன் அப்பா சொன்ன கோடைக் கதையை அவன் மகனுக்குச் சொல்லவில்லை.

2016 முதல் அரசுத் தொலைக்காட்சியில் இதே பெயரில் இரண்டு பருவங்கள் ஓடிய தொடர், படம் அவசரமாகத் தாண்டிய எழுபதுகளின் இறுதிக்குள் நிதானமாக நுழைந்து, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் சிறுசிறு சமரசங்களை விரித்துக் காட்டியது. அப்பா பாத்திரத்தின் பயத்தைப் புரிந்துகொள்ள அது உதவும். படப்பிடிப்போடு சேர்ந்த இன்னொரு செய்தியும் உண்டு. பலெர்மோவில் தொழில் செய்பவர் மாமூல் கட்ட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது; கட்ட மாட்டேன் என்று 1991 ஜனவரியில் நாளிதழில் பகிரங்கக் கடிதம் எழுதிய ஆடைத் தொழிலதிபர் லீபெரோ கிராஸ்ஸி ஆகஸ்ட் 29 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். 2004இல் இளைஞர் சிலர் இரவோடிரவாக நகரச் சுவர்களில் ஒட்டிய சிறு தாள்களிலிருந்து அத்தியோபிட்ஸோ என்ற இயக்கம் உருவாகி, மாமூல் தராத கடைகளை ஒன்றுசேர்த்தது. பிஃப் தன் படத்தை அந்த இயக்கத்தின் துணையோடு, மாஃபியாவுக்கு மாமூல் எதுவும் தராமல் பலெர்மோவின் தெருக்களிலேயே எடுத்து முடித்தார்.